வெத்துச்சட்டை கம்பெனி

“…அதெல்லாம் சரிங்க மேடம், நான் குத்தம் சொல்லலைங்க. ஆனா இதுல பாக்கறதுக்கு என்னங்க இருக்கு?” என்றார் எஸ்டேட் ரைட்டர் சவரிமுத்து.

அவர் ஒரு கையில் மாப்பிள்ளையின் கல்யாணக் கோட்டு. இன்னொரு கையில் அந்தக் கோட்டை வைத்து எடுத்துப்போக வேண்டிய பித்தளைத் தாம்பாளம். வாசலில் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து குனிந்தே இருந்த என் கழுத்து நிமிரமாட்டேன் என்றது. யாராவது ஒரு டம்ளர் டீ கொடுத்தால் போதும், கோட்டு எப்படியோ போகட்டும் என்றிருந்தது எனக்கு.

என்னைக் கேட்டால், நான் வேலை பார்த்த காலம் முழுக்க அந்த ஒரு கேள்வியைத்தான் ஆளாளுக்குக் கேட்டார்கள். இதில் என்ன இருக்கிறது? போன வாரம் பிரியா போன் பண்ணினாள். நான் உட்கார்ந்திருந்த மேஜையில் இப்போது அவள்தான் உட்காருகிறாள். “அக்கா, வர்றவங்கல்லாம் போரடிக்குதுங்கறாங்க. இனிமே பாக்கெட்டுக்கு மேல சின்னதா ஒரு பூ போட்டுறலாமான்னு பேச்சு ஓடுது. நீங்க எப்படிக்கா இத்தனை வருஷம் இதையே தெச்சீங்க?” என்றாள். போனில் சொல்லி முடிகிற விஷயமா அது? எழுதித் தருகிறேன் கண்ணு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான் படித்து வந்தவள் இல்லை. வாழவந்தியிலிருந்து பஸ் ஏறி ஏற்காடு பஜாருக்கு வந்து, ஒரு டெய்லர் கடையில் காஜா எடுத்தேன். பட்டன் நுழைகிற ஓட்டைக்கு ஓரம் கட்டுகிற வேலைக்குக் காஜா என்று பெயர். சட்டையை எல்லாரும் தைக்கலாம், காஜாவுக்குப் பொறுமை வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே அந்த மாஸ்டர் எல்லாக் காஜாவையும் என் தலையில் கட்டினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சட்டை, எஸ்டேட் வாட்ச்மேனின் காக்கி, பாதிரியார் வீட்டு வெள்ளை, எல்லாவற்றுக்கும் நான்தான் ஓட்டை போட்டேன். கல்யாணம் ஆனது, பிள்ளைகள் ஆனது, காஜா மட்டும் மாறவில்லை. அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதற்குமேல் ஒன்றுமில்லை.

நளினி மேடம் வந்து பழைய காப்பி குடோன் ஒன்றை வாடகைக்கு எடுத்தபோது ஊரே வேடிக்கை பார்த்தது. ஆண்களுக்கு மட்டும் சட்டை, பேண்ட் தைக்கப் போகிறார்களாம். டிசைனராம். வெளிநாட்டில் வேலை பார்த்தவராம். டிசைனர் என்றால் மயில் இறகெல்லாம் வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் வேலை கேட்டுப் போனேன். அங்கே கம்பியில் தொங்கிய சட்டைகளைப் பார்த்தால் சாம்பல், வெள்ளை, மண் நிறம், கறுப்பில் கொஞ்சம் தண்ணீர் கலந்த மாதிரி ஒரு நிறம். பூவும் இல்லை, கோடும் இல்லை, கட்டமும் இல்லை. பேர்கூட வெளியில் தெரியாது, உள்ளே எங்கேயோ தைத்திருந்தது. “இன்னும் டிசைன் போடலைங்களா மேடம்?” என்று கேட்டுவிட்டேன். மேடம் என்னைப் பார்த்தார். “போட்டாச்சு” என்றார்.

எங்கள் ஊர்க்காரர்கள் பேர் வைப்பதில் கெட்டிக்காரர்கள். ஒரே மாதத்தில் அதற்கு வெத்துச்சட்டை கம்பெனி என்று பேர் வைத்துவிட்டார்கள். பஸ்ஸில் கண்டக்டர், “வெத்துச்சட்டை எல்லாம் எறங்குங்க” என்பார். என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டியவர், லேக் பக்கத்து ஸ்டாண்டில் நிற்பார். ஒரு தீபாவளிக்கு மேடம் அவருக்கென்று ஒரு சட்டை கொடுத்தார். போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “இதைப் போட்டுக்கிட்டு ஸ்டாண்டுல நின்னா, ஏனுங்க டிரைவர் எங்கேன்னு என்கிட்டயே வந்து கேப்பாங்க சரோஜா” என்றார். பிறகு அதை வண்டி துடைக்கவும் மனசில்லாமல், போடவும் மனசில்லாமல், பெட்டியிலேயே வைத்திருந்தார். நானும் வற்புறுத்தவில்லை. வீட்டுக்கு வந்தும் அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கும் தெம்பில்லை.

மேடத்தின் முறையைச் சொல்கிறேன். காஜாவோடு, தைத்ததைச் சரிபார்க்கிற வேலையும் என்னிடம் கொடுத்திருந்தார்; தைத்து வந்த சட்டை என் மேஜைக்கு வரும். முதலில் உள்பக்கம். அது முடிகிறவரை வெளிப்பக்கத்தைத் தொடவே கூடாது. உள்ளே தையல் ஓரம் ஒரே அகலமாக ஓடுகிறதா, முடிச்சு எங்கேயாவது தோலில் படுமா என்று கட்டைவிரல் நகத்தின் பின்பக்கத்தால் தடவிக்கொண்டே வர வேண்டும். பிறகு காலரின் இரண்டு முனையையும் ஒன்றாகப் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பிறகு பட்டன். ஒரே கையால் போட்டு, அதே கையால் கழற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால் தப்பு, தானாக அவிழ்ந்தாலும் தப்பு. துணியின் நிறத்தை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்ப்பது மட்டும் மேகம் இறங்கின நாளில்தான் நடக்கும். வெயிலில் பார்த்தால் இரண்டு சாம்பலும் ஒன்றாகத் தெரியும். மலையில் மேகம் வந்து ஜன்னலை மூடிக்கொண்ட வெளிச்சத்தில் வைத்தால், ஒன்று லேசாகச் சிவந்து நிற்கும், இன்னொன்று பச்சைப் பக்கம் சாயும். மற்ற ஊர்க்காரர்கள் மேகம் பார்க்க மலையேறி வருவார்கள். எனக்கு மேகம் வந்தால் அன்றைக்கு வேலை இரட்டிப்பு.

எல்லாம் முடிந்தபிறகு சட்டையை, தோளும் நெஞ்சும் வைத்த ஆள் உயரக் கட்டையில் மாட்டிவிட்டு மேடத்தைக் கூப்பிட வேண்டும். அவர் பக்கத்தில் வரமாட்டார். வாசற்படிவரை போய், முதுகைக் காட்டி நின்று, சட்டென்று திரும்பிப் பார்ப்பார். முதல் பார்வையில் கண் எங்கேயாவது ஓரிடத்தில் போய் விழுந்தால், அது பட்டனோ, பாக்கெட்டோ, தோள் தையலோ, “கத்துது” என்பார். அவ்வளவுதான். எது கத்துகிறது என்று சொல்லமாட்டார். நாங்கள்தான் தேட வேண்டும். பட்டன் நூல் ஒரு சாயல் வெளுத்திருக்கும், அல்லது பாக்கெட் ஒரு நூலளவு இறங்கியிருக்கும். சரியாக இருந்தால் “நல்லாருக்கு” என்று ஒருநாளும் அவர் வாயில் வந்ததில்லை. “போதும்” என்பார். நாங்கள் பெண்கள் எல்லாரும் சாப்பாட்டு நேரத்தில் அதையே சொல்லிச் சிரிப்போம். ரசம் நன்றாக இருந்தால் “போதும்”. காரம் தூக்கலாக இருந்தால் “கத்துது”.

பூப்போட்ட துணியில் தப்பு ஒளிந்துகொள்ளும். இதில் அதற்கு இடமே கிடையாது. ஒன்றுமில்லாத ஒரு சட்டையை உண்டாக்க, பூப்போட்ட நாலு சட்டைக்கு ஆகிற கண் ஆகும். சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்தால் ரோட்டில் போகிறவன் சட்டையெல்லாம் என்னைப் பார்த்துக் கத்தும். கண்ணை மூடிக்கொள்வேன்.

அப்புறம் கடை. குடோனின் முன்பக்கத்தில் ஒரு சின்ன கவுண்டர் போட்டிருந்தார்கள். எனக்குப் பேச்சு வரும் என்று சனி ஞாயிறுகளில் என்னைத்தான் அங்கே நிறுத்துவார்கள். சேலத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஆண்கள் துணியைத் தொட்டுப் பார்ப்பார்கள், பெண்கள் விலைச்சீட்டைப் பார்ப்பார்கள். ஒரு அம்மா வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “இதைத் தொவச்சுக் காயப்போட்டா திருடன்கூட எடுக்கமாட்டான், வாங்க போலாம்.” ஒரு பையன் சட்டையைப் போட்டுக்கொண்டு போனில் தன்னைத்தானே படமெடுத்துப் பார்த்தான். “ஏனுங்கக்கா, போட்டோவுல என் மூஞ்சிதான் தெரியுது, சட்டையே தெரியலையே” என்றான். “மூஞ்சி நல்லாத்தானே சாமி இருக்குது” என்றேன். கூட வந்த பெண் சிரித்த சிரிப்பில், அவனுக்கு அதை வாங்காமல் போக வழியில்லாமல் போனது. இன்னொரு பெரியவர், பஞ்சாலையில் வேலை பார்த்தவர், போட்டு நின்று, நடந்து, உட்கார்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று கழற்றினார். தன் பழைய சட்டைக்குள் ஒரு கையை விட்டவர் அப்படியே நின்றார். “போடறப்பத் தெரியலைங்க. கழட்டறப்பதான் தெரியுது” என்றார். அதை மேடத்திடம் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலம் எல்லாருக்கும் டீக்கடையிலிருந்து பஜ்ஜி வந்தது.

உங்களுக்கு அதில் ஒரு துள்ளல் இருந்ததா என்றும் பிரியா அன்றைக்குப் போனில் கேட்டாள். இல்லை கண்ணு. சத்தியமாக இல்லை. துள்ளுகிற மாதிரி இருந்திருந்தால் இத்தனை வருஷம் தாங்கியிருக்குமா என்பது வேறு விஷயம். துள்ளிய நாள் ஒன்றே ஒன்று சொல்லலாம். அதுவும் துள்ளல் இல்லை, ஒரு கோட்டோடு மல்லுக்கட்டின நாள்.

ரைட்டர் சவரிமுத்துவை எஸ்டேட் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. ஆள் வருகை எழுதுவது, காப்பி மூட்டை நிறுப்பது எல்லாம் அவர்தான். வெள்ளை முழுக்கைச் சட்டை, கையிடுக்கில் குடை. யாரிடமும் ஒரு சொல் கேட்டுவிடக்கூடாது என்றே வாழ்ந்தவர். அவர் மகள் ஜெனிட்டா லாட்ஜ் ஒன்றில் வரவேற்பில் இருந்தாள். அவளுக்கும் கோயில் தெருவில் பெரிய வீட்டுப் பையன் ஆல்வினுக்கும் பேசி முடித்தார்கள். பையன் பெங்களூரில் வேலை. வசதியான இடம். ரைட்டருக்கு மகிழ்ச்சியில் பாதி, பயத்தில் பாதி.

அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். மாப்பிள்ளை மாதா கோயிலில் போடுகிற கோட்டு பெண் வீட்டார் கொடுப்பது. கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் அதைத் தாம்பாளத்தில் வைத்து, பெண்ணின் அப்பா தன் கையாலேயே தூக்கிக்கொண்டு, பஜார் முனையில் இறங்கி மாப்பிள்ளை வீடுவரை நடக்க வேண்டும். பின்னால் சொந்தக்காரர்கள் பழம், வெற்றிலை, இனிப்பு எல்லாம் தூக்கி வருவார்கள். கடைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வாசலிலேயே தாம்பாளத்தை இறக்கி, கோட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள். அங்கே அவர்கள் சொல்கிற ஒரு வார்த்தை அப்புறம் வருஷக்கணக்கில் நிற்கும்.

ஆல்வின் எங்கள் சட்டையைப் போட்டுப் பழகியவர். கல்யாணக் கோட்டும் மேடம்தான் தைக்க வேண்டும் என்று ஜெனிட்டாவிடம் சொல்லிவிட்டார். மேடம் கோட்டு தைப்பதில்லை. மாட்டேன் என்றே சொல்லிப் பார்த்தார். ஜெனிட்டா தினம் ஒருதரம் லாட்ஜிலிருந்து நடந்து வந்து நிற்பாள். கடைசியில் ஒத்துக்கொண்டார்.

அடர்ந்த சாம்பல் நிறம். மழைக்கு முந்தி மலைமேல் நிற்கிற கறுப்பு இருக்கிறதே, அது. காலர் சின்னது. பட்டன் வெளியே தெரியாது, முன்பக்கத்தில் துணியை ஒரு மடிப்பு மடித்து அதற்கு அடியில் வரிசையாக மறைந்திருக்கும். அந்தக் காஜா எல்லாம் நான் எடுத்தது. உள்ளே லைனிங்குக்கு மட்டும் மேடம் சேலத்துப் பட்டு வாங்கி வந்தார். நல்ல அரக்குச் சிவப்பு, கனமான பட்டு, விளக்கு வெளிச்சத்தில் பற்றிக்கொள்கிற மாதிரி. “இதை யார் மேடம் பாக்கப் போறாங்க?” என்றேன். “போட்டுக்கறவர் பாப்பார்” என்றார். “கழட்டறப்ப.” அந்தப் பஞ்சாலைப் பெரியவர் சொன்னதை மறக்கவில்லை போலிருக்கிறது.

கோட்டைத் துணிப்பைக்குள் போட்டு ரைட்டர் வீட்டுக்கு அனுப்பினோம். கல்யாணத்துக்கு இன்னும் சில நாள் இருந்தது. அங்கேதான் பாக்கியம் வந்தார்.

பாக்கியம் ரைட்டரின் தங்கச்சி. அடிவாரத்தில் வீடு. எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் பஸ்ஸில் மேலே வந்து, கேட்காமலே எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்கிற ஆள். பையைத் திறந்து பார்த்திருக்கிறார். காலரில் ஒன்றுமில்லை. பாக்கெட்டில் ஒன்றுமில்லை. பட்டனே இல்லை! பட்டன் இல்லாமல் ஒரு கோட்டை எந்த ஊரில் கொடுப்பார்கள்? வேலை முடியாமலே கம்பெனிக்காரி அனுப்பிவிட்டாள், அண்ணனுக்குத் தெரிந்தால் நெஞ்சு அடைத்துவிடும் என்று, யாரிடமும் சொல்லாமல் பஜாரில் ஒரு டெய்லரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். காலரைச் சுற்றி ஜரிகை. முன்னால் தங்க நிறத்தில் பட்டன், வாத்தியக்காரர்கள் கோட்டில் இருக்குமே, அது. அந்த டெய்லர் முதல் பட்டனுக்கு நெஞ்சுப் பக்கம் துணியை வெட்டி ஓட்டை போட்டிருக்கிறான். வெட்டின ஓட்டைக்குள்ளிருந்து எங்கள் பட்டன் எட்டிப் பார்த்திருக்கிறது. பயந்துபோய், மீதிப் பட்டனுக்குத் துணியை வெட்டாமல், மேலாக ஒட்டுகிற மாதிரி தைத்துக் கொடுத்துவிட்டான்.

தாம்பாளம் போகிற அன்றைக்குக் காலையில்தான் ஜெனிட்டா பையைத் திறந்தாள்.

கடை திறக்கும்போது அவள் வாசலில் நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. பின்னாலேயே ரைட்டர், அவருக்குப் பின்னால் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பாக்கியம். மேடம் கோட்டை வாங்கிக் கட்டையில் மாட்டினார். வாசல்வரை போனார். திரும்பினார். கத்துது என்று சொல்லுவார் என்று நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். அவரோ நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் வேலை நேரத்தில் உட்கார்ந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“நான் என்னத்தைங்க கண்டேன்?” என்று பாக்கியம் ஆரம்பித்தார். “பட்டன் இல்லைன்னா, மறந்துட்டாங்கன்னுதானே நெனப்பாங்க? உள்ள ஒளிச்சு வெச்சிருக்குதுன்னு ஒரு சீட்டாவது எழுதிப் போட வேண்டாமுங்களா?”

“சும்மா இரு பாக்கியம்” என்றார் ரைட்டர். ஆனால் அவர் கண் அந்த ஜரிகையைவிட்டு நகரவில்லை. மெதுவாகச் சொன்னார்: “ஏனுங்க மேடம், மனசுல பட்டதைச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இப்பத்தானுங்க இது கோட்டு மாதிரி இருக்குது. இப்படியே இருந்துட்டுப் போகட்டுமே.”

“அப்பா!” என்றாள் ஜெனிட்டா. “அவங்க இதைப் போடமாட்டாங்கப்பா. வேற ஏதாவது சட்டையைப் போட்டுட்டு வந்து நிப்பாங்க. அதுக்கு என்ன சொல்லுவீங்க?”

“போடறவர் அவர்தானே” என்றார் மேடம்.

ரைட்டர் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை, அன்றைக்கும் உயரவில்லை. “போடறவர் அவருங்க. குடுக்கறவன் நானுங்க. அவர் போட்டுக்கிட்டு பூசை முடியற வரைக்கும் நிப்பார். நின்னா நல்லாத்தான் இருக்கும், நீங்க தெச்சது. ஆனா நான் அதைத் தட்டுல மடிச்சு வெச்சுக்கிட்டு பஜார் பூரா நடக்கோணும். தட்டுல மடிச்சு வெச்சா இது என்னங்க? ஒரு கறுப்புத் துணி. மழைக்குப் போத்தற கம்பளி மாதிரி. எஸ்டேட் ரைட்டர் கொண்டாந்தது இவ்வளவுதானான்னு அந்த ஊட்டுப் பொம்பளைங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாப்பாங்க. எம் புள்ள நாளைக்கு அந்த ஊட்டுல வாழப் போறா.”

மேடம் துணியைப் போடுவதற்காகத் தைக்கிறார். ரைட்டருக்கு அது தூக்கிக்கொண்டு நடப்பதற்கு. ஒரே கோட்டு இரண்டுக்கும் ஆகாது. எனக்கு இரண்டு பேருமே நியாயமாகத்தான் பட்டார்கள். அந்த நியாயம் இரண்டும் சேர்ந்து என் கழுத்தில்தான் வந்து விழும் என்றும் தெரிந்தது.

ஜெனிட்டா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “பிரிச்சுருங்க மேடம்” என்றாள். ரைட்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. “சாயங்காலம் தாம்பாளத்தோட வர்றேன்” என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு போனார். அவர் நடை ஏதோ சாவு வீட்டுக்குப் போகிற நடை.

தங்க நிறப் பட்டனை எல்லாம் அறுத்தெடுத்துவிட்டு, ஜரிகையைப் பிரிக்க ஆரம்பித்தேன். இழுத்தால் துணி கிழியும். அடிப்பக்கம் கொஞ்சம் இடைவெளி விட்டு விட்டுத் தையலைக் கத்திரி முனையால் அறுத்து, மேல் நூலை மட்டும் உருவ வேண்டும். பிரிந்தது. ஆனால் காலர் முழுக்க ஊசி ஓட்டை, எறும்பு வரிசை போன மாதிரி. ஈரத்துணியைப் போர்த்தி இஸ்திரிப் பெட்டியை மேலே படாமல் பிடித்து ஆவி காட்டினோம். சூட்டோடு சூடாக நகத்தின் பின்பக்கத்தால் நெடுக ஒருதரம், குறுக்க ஒருதரம் சுரண்டினால் இழை நகர்ந்து ஓட்டை மூடும். ஒரு ஓட்டை மூட ஒரு சுரண்டல் போதாது. மேடம் காலரின் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வெளியே மேகம் இறங்கிக் குடோனுக்குள்ளேயே வந்துவிட்டது. நல்ல வெளிச்சம், எல்லாத் தப்பும் தெரிந்தது.

நெஞ்சில் வெட்டின இடம்தான் மலையாக நின்றது. அதை மூட ஒரு பாக்கெட் வைத்துவிடலாமா என்று கேட்டேன். மேடம் தலையாட்டினார், வேண்டாம் என்று. “மறைச்சா அங்கதான் பாப்பாங்க.” கீழ் மடிப்பைப் பிரித்து, உள்ளே மடிந்திருந்த துணியிலிருந்து இழை இழையாக நூல் உருவித் தந்தார். அதே துணியின் நூல், அதே சாயம். வெட்டின வாய்க்குக் குறுக்கே ஒரு இழை மேலே, ஒரு இழை கீழே என்று, நெய்கிற மாதிரியே ஊசியில் கோத்துக்கொண்டு போனேன். கண்ணில் தண்ணீர் வழிந்தது, அழுகை இல்லை, உழைப்பு. நடுவில் ஒருதரம் மேடம் ஊசியை வாங்கி, நான் கோணலாகப் போட்ட இரண்டு இழையை எடுத்துவிட்டு அவரே போட்டார். மத்தியானச் சோறு அப்படியே டப்பாவில் இருந்தது.

ஜீப் சத்தம் கேட்டபோது கோட்டு கட்டையில் இருந்தது. மேடம் வாசலுக்குப் போய்த் திரும்பினார். நெடுநேரம் பார்த்தார். “தெரியுது” என்றார். எனக்கு ஊசியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. அவர் ஓரடி வந்தார். நின்றார். “எனக்கும் உனக்கும்தான் தெரியுது. போதும்.”

அப்போதுதான் ரைட்டர் உள்ளே வந்தார். புது வேட்டி, புதுச் சட்டை, பாக்கியம் தேய்த்துப் பளபளவென்று ஆக்கின தாம்பாளம். கோட்டைக் கையில் வாங்கி, ஜரிகை இருந்த இடத்தைத் தேடினார். வெட்டின இடத்தைத் தேடினார். இரண்டும் கிடைக்கவில்லை. நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று மேடத்துக்குக் கும்பிடும் போட்டார். அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று. கோபமாகக் கேட்கவில்லை. சோர்ந்துபோய்க் கேட்டார். வாசலில் ஜீப்புக்காரன் ஹாரன் அடித்தான். பாக்கியம் ஜீப்பிலிருந்து எட்டிப் பார்த்து, “அண்ணா, நேரமாச்சுதுங்கண்ணா” என்றார்.

மடித்துத் தட்டில் வைக்கத் தெரியாமல் ரைட்டர் கோட்டைப் புரட்டினார். முன்பக்கம் விரிந்தது. உள்ளேயிருந்த பட்டு, மேகத்து வெளிச்சத்திலும் திடுக்கென்று சிவந்தது.

“இது என்னங்க?”

“லைனிங்குங்க” என்றேன். “சேலத்துப் பட்டு.”

“இதை யாருங்க பாப்பாங்க?”

“யாரும் பாக்கமாட்டாங்க ரைட்டரய்யா. போட்டுக்கறவர்தான்.”

அவர் மேடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பட்டைக் கட்டைவிரலால் ஒருதரம் அழுத்திப் பார்த்தார். பிறகு தாம்பாளத்தை என் மேஜையில் வைத்தார். கோட்டின் ஒரு கைக்குள் தோள்வரை தன் கையை விட்டுப் பிடித்து இழுத்தார். இன்னொரு கையையும் அதேபோல் இழுத்தார். கோட்டை முழுசாக உள்வெளியாகத் திருப்பி, சிவப்பு மேலே வரும்படி தாம்பாளத்தில் பரப்பி, நாலு பக்கமும் சுருக்கமில்லாமல் நீவிவிட்டு, சட்டைப்பையிலிருந்த மல்லிகைச் சரத்தை நடுவில் வைத்தார். மேடம் வாயைத் திறப்பதற்குள் அதைத் தலைக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாசலில் நின்ற ஜீப்பைத் தாண்டி, பஜார் முனை வரட்டும் என்றுகூடக் காத்திராமல், அங்கிருந்தே நடக்க ஆரம்பித்தார்.